95 எங்கிருந்து வந்தது?

நேற்று மாலை ஒரகடத்தில் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்த வேளையில், காலையில் நாங்கள் திருத்திய ஒரே ஒரு வாக்கியம் மனத்தை விட்டு அகலவில்லை.

'எஞ்சின் அதிகம் சூடானால் விசிறி போதுமான வேகத்தில் சுழலவேண்டும்' என்றிருந்த அந்தத் தேவை வாசகத்தை, வாசகங்களின் தெளிவுக்கு மதிப்பெண் இடும் எங்கள் மென்பொருள் பரிசீலித்து, 'அதிகம்', 'போதுமான' என்னும் இரு சொற்களுக்கும் சிவப்புக் கோடிட்டு, நூற்றுக்கு 41 என்று தீர்ப்பளித்தது.

நியாயமான தீர்ப்பு.

எத்தனை சூடு அதிகம், எத்தனை வேகம் போதும் என்று சொல்லாத வாசகத்தைச் சோதனைச்சாலையில் எவர், எப்படிப் பரீட்சிப்பார்? இத்தகைய பலவீனமான சொற்களை எண்ணிக் காட்டும் கருவியை நாசாவின் காடர்ட் மையத்தில் 1990-களிலேயே செய்துவிட்டார்கள்.

'95 டிகிரியைத் தாண்டினால், 2 விநாடிக்குள் விசிறி நிமிடத்துக்கு 2,400 சுற்று வேகத்தை அடையவேண்டும்' என்று எங்கள் இளம் பொறியாளர் மாற்றி எழுதினார்.

92 வந்தது. அனைவருக்கும் ஆனந்தம்.

சோதனைப் பிரிவு அக்கா மட்டும், "இந்த 95 எங்கேயிருந்து வந்துச்சு தம்பி?" என்று மிருதுவாகக் கேட்டார்.

ஒருவரிடமும் பதில் இல்லை.

சித்திரை வெயிலில், வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில், லாரிகளுக்குப் பின்னே ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் வண்டியின் சூட்டை அளந்தறிந்தவர்களை விசாரியாமல் எழுதப்பட்ட எண் அது; தெளிவற்ற பழைய வாசகத்தைக் காட்டிலும், நிச்சயம் போலத் தோன்றும் இந்த ஆதாரமற்ற எண்ணே எனக்குப் பெரும் பயத்தைத் தருகிறது.

மதிப்பெண்ணை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆயினும், எண்ணுக்கு ஆதாரம் கேட்கும் வழக்கம் உங்கள் ஆலைகளில் இருக்கிறதா, நண்பர்களே?