கடைமடையும் பூனையின் வெள்ளைப் பாதமும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பூனையும் உண்டு. வயலில் எலிக்குக் கிட்டி வைக்கும் உழவர், வீட்டில் நெல்லைக் காக்கப் பூனையையே நம்புவர். ஆயினும் அதே பூனை காலையில் குறுக்கே நடந்துவிட்டால், வெளியே புறப்பட்டவர் திரும்பி வந்து, திண்ணையில் அமர்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டே மீண்டும் கிளம்புவார். பூனை கறுப்பாயின் அச்சம் இன்னும் மிகுதி. இரவெல்லாம் நெல்லைக் காத்த பிராணிக்கு நாம் தரும் கூலி இதுதான்!

நான் பணியாற்றிய பங்குகள் பலவற்றிலும் பங்கு இல்லத்தில் பூனை இருந்தது. பெரும்பாலானவை கறுப்பும் வெள்ளையும் கலந்தவை. நெடுநாள் கவனித்ததில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முதுகும் காதும் வாலும் கறுத்திருக்கும். மார்பும் வயிறும் பாதங்களும் வெளுத்திருக்கும். வெள்ளை குறைவாயின் மார்பில் ஒரு பதக்கமும் விரல் நுனிகளும் மட்டும் வெண்மை. வெள்ளை மிகுதியாயின் தலையிலும் வாலிலும் மட்டுமே கறுப்பு எஞ்சும். முதுகு வெளுத்து வயிறு கறுத்த பூனையை நான் கண்டதேயில்லை. நம் மண்ணுக்கே உரிய உம்பளச்சேரி மாட்டையும் பாருங்கள். செந்நிறக் கன்றாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறம் பெறும் அதற்கும் வெண்மை அமைவது நெற்றியிலும் கால்களின் கீழ்ப்பகுதியிலும் வால் நுனியிலுமே.

பூனையில் இதன் காரணத்தை உயிரியல் அறிஞர் விளக்கியுள்ளனர். உரோமத்துக்கு நிறம் தரும் உயிரணுக்கள், கருவில் முதுகுத்தண்டு அமையும் கோட்டின் அருகே தோன்றுகின்றன. அங்கிருந்து பெருகிப் பரவி, இரு விலாக்களின் வழியே வயிற்றையும் பாதங்களையும் அடைய வேண்டும். நம் உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த நீர் கல்லணை கடந்து தலைமடையை நனைத்துவிடும். கடைமடைக்கு வந்து சேருமா என்பதே ஆண்டுதோறும் எழும் கவலை. பூனைக்கு முதுகு தலைமடை. வயிறும் பாதமும் கடைமடை. நிற அணுக்கள் எட்டாத இடம் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது.

இந்தப் பரவலை ஆளும் மரபணுவுக்குக் 'கிட்' என்று பெயர். பூனைகளில் அதனுள் பழைய வைரஸ் ஒன்றின் துண்டு புகுந்திருப்பதே வெள்ளைக்குக் காரணம் என்று 2014இல் கண்டறிந்தனர். நிற அணுக்கள் மெதுவாக நகர்வதால்தான் வெள்ளை விழுகிறது என்று முன்பு எண்ணியிருந்தனர். 2016இல் எடின்பரோ, பாத் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் எலிகளை ஆராய்ந்து அதைத் திருத்தினர்: அணுக்களின் வேகம் குறையவில்லை; அவை போதிய அளவு பெருகவில்லை. ஆறு தளரவில்லை, அணைக்கு நீர்வரத்தே போதவில்லை என்பது போல.

எல்லாம் மரபணுவில் எழுதியபடியே நடக்கும் என்றும் கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், 2001 டிசம்பர் 22 அன்று, ஒரு முந்நிறப் பூனையின் அணுவைக் கொண்டு அதன் நகலாக ஒரு குட்டியைப் பிறப்பித்தனர். மரபணுக்கள் அதே, உடலின் கோலமோ வேறு. மூலப் பூனையிடமிருந்த செம்மஞ்சள் நகலில் காணப்படவே இல்லை. ஓர் உயிரின் நிறக்கோலத்தில் கருவறையின் தற்செயலுக்கும் பங்குண்டு.

பூனையின் நிறத்தைக் குடும்ப இதழில் இத்தனை விரிவாக எழுதுவானேன் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஓர் இளம் தாய் தன் பெண் குழந்தையோடு என்னைக் காண வந்தாள். குழந்தையின் முன் உச்சியில் ஒரு கற்றை முடி பிறவியிலேயே வெண்மை. நெற்றியிலும் முழங்காலுக்குக் கீழும் வெள்ளைத் திட்டுகள். உச்சி வெயிலல்லாத மாலை நேரத்திலும் அதன் தலையில் முக்காடு. "சாமி, கிரகணத்தன்னைக்கு நான் வெளியில வந்தது நிஜந்தான். அதனாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. நான் செஞ்ச பாவமா சாமி?" என்று கேட்டாள். வாயிற்படியில் எங்கள் பூனை தன் குட்டிகளோடு படுத்திருந்தது. "இது எந்தக் கிரகணத்தைப் பார்த்தது, அம்மா?" என்றேன். அவள் பதில் கூறவில்லை. சற்று நேரம் குட்டிகளையே பார்த்திருந்து, குழந்தையின் முக்காட்டை விலக்கினாள்.

தாய் கண்டது சேயின் உடலில் பதியும் என்னும் எண்ணம் மிகப் பழையது. தொடக்கநூல் 30ஆம் அதிகாரத்தில், யாக்கோபு வரியிட்ட கோல்களை மந்தையின் முன் நிறுத்துகிறார். வரியும் புள்ளியுமுள்ள குட்டிகள் பிறக்கின்றன. ஆனால் அடுத்த அதிகாரத்தில், அம்மந்தையைத் தமக்குத் தந்தவர் கடவுளே என்று தம் மனைவியரிடம் கூறும் யாக்கோபு, கோல்களைப் பற்றிப் பேசவேயில்லை.

மனிதரில் இவ்வாறு பிறவியிலேயே அமையும் வெள்ளைக் கற்றைக்கும் திட்டுக்கும் பெரும்பாலும் அதே 'கிட்' மரபணுவின் மாற்றமே காரணம் என்பது 1991இல் தெரியவந்தது. இது தொற்றாது, பொதுவாகப் பரவுவதுமில்லை, எவருடைய பாவமுமன்று. பின்னாளில் தோன்றிப் பரவும் வெண்புள்ளி வேறு, அதுவும் தொற்றாது. அதை 'வெண்குஷ்டம்' என்றழைப்பது முற்றிலும் பிழை. உணர்ச்சி குன்றிய வெளிறிய தேமல் இருந்தால் மட்டும் தொழுநோயா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கும் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துண்டு, முற்றும் குணமாகும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில உண்டு. நீலக் கண்ணுடைய முழு வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்பதை டார்வினே குறித்தார். உட்செவிக்கும் இந்த நிற அணுக்கள் தேவை. எனவே வெண்கற்றையுடன் பிறந்த குழந்தையின் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். வெண்திட்டு வெயிலில் எளிதில் புண்படும். நண்பகலில் துணியால் மூடுங்கள். திருமணப் பேச்சு வரும்போது மறைக்காதீர்கள்; பிள்ளைகளுக்கு இது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு என்பதையும், இதனால் உடல்நலத்துக்கோ அறிவுக்கோ பொதுவாகக் குறைவில்லை என்பதையும் சேர்த்தே கூறுங்கள். மாப்பிள்ளை வீட்டாராக நீங்கள் இருந்தால், அதைக் கேட்டு எழுந்துவிடாதீர்கள். வெயிலுக்காக இடும் முக்காடு மாலையில் இறங்கிவிடும்; ஊருக்காக இட்டதை இறக்குவது நம் கையில்தான் இருக்கிறது.