பிள்ளைக் காம்பராவும் பாடப் புத்தகமும்

காலை ஆறரை மணிக்கு எமது தோட்டத்தின் சிறுவர் அபிவிருத்தி நிலையத்துக் கதவைத் திறக்கும்பொழுது எதிரே உள்ள மலை பெரும்பாலும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. மூடுபனிக்குள்ளிருந்து முதலில் ஓர் இருமல் ஒலி வரும். அதன்பின் ஒரு குழந்தையின் சிணுங்கல். அதற்கும் பின்னரே, இடுப்பிலே படங்கு கட்டி, முதுகிலே கூடை தொங்க, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பாற்போத்தலுமாகத் தாய்மார் ஒவ்வொருவராய் உருப்பெறுவர். பிள்ளையை எம்மிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமற் பிரட்டுக் களத்தை நோக்கி விரைவார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை அழும். பிள்ளை அழுதால் கால் நகராது. கால் நகராவிட்டால் அன்றைய பேர் அரைப் பேராகிவிடும். “பேர்” என்பது எம்மவர் வழக்கில் ஒருநாட் கூலி என்பதை மலைநாட்டுக்கு அப்பால் வாழும் வாசகர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் இப்பணியைச் செய்துகொண்டே, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திலே முன்பிள்ளைப் பருவக் கல்வியையும் ஆரம்பக் கல்வியையும் பற்றிய டிப்ளோமாப் பாடநெறியைப் பயின்று வருகின்றோம். பட்டம் என்பது அதற்கு மேலுள்ள படி. அதிலும் ஏறிவிடவேண்டும் என்பது ஆசை. பகலெல்லாம் பிள்ளைகள், இரவிலே பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்கள். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்த பாவனையே இன்றி இருக்கும் நாட்களும் உண்டு.

நிலையத்தின் முகப்பிலே எழுதப்பட்டிருக்கும் பெயர் நீளமானது. எமது லயங்களிலுள்ள முதியவர் எவரும் அப்பெயரை உச்சரிப்பதில்லை. அவர்களுக்கு இது இன்றும் “பிள்ளைக் காம்பரா” தான். காம்பரா என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அவர்கள் போய் எத்தனையோ காலமாயிற்று. சொல் மட்டும் எமது தோட்டங்களிலே குடியிருக்கிறது. நாமும் அந்தக் காம்பராவிலே வளர்ந்த பிள்ளைதான். லயத்தின் கோடியில் நீண்டதோர் அறை, உத்தரத்திலிருந்து வரிசையாய்த் தொங்கிய சேலைத் தொட்டில்கள், ஈரத் துணியும் விறகுப் புகையும் கலந்த மணம், நடுவே ஓர் ஆயம்மா. காலை நிறுவை முடிந்ததும் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து பாலூட்டிச் செல்வர். அவர்களுடைய கைவிரல்களிலே கொழுந்தின் கறை இருந்தது இன்னும் நினைவிலுள்ளது. அல்லது, பின்னர் கண்டதைச் சேர்த்து நினைக்கின்றோமோ, தெரியவில்லை.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார்மீது சுமத்தியது. அது எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கல்வி வேண்டும் என்ற நினைவு அக்காலத்தில் எவருக்கும் எழவில்லை. அப்பிள்ளைக்கு ஒரு காவல் போதும். அந்தக் காவலும் தாயின் இரு கைகளைக் கொழுந்துக்காக விடுவித்துக் கொடுப்பதற்கே. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபொழுது, அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பங்குகொள்ளும் நிதியமொன்று அமைக்கப்பட்டது. இப்போதைய பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். மக்கள் வாயில் “டிரஸ்ட்”. அதன் பின்னர் பல காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. சுவரிலே சித்திரங்கள் வந்தன. நிறை பார்க்கும் தராசு வந்தது. எம்மைப் போன்ற உத்தியோகத்தரும் வந்தோம்.

படிக்கப் போவதாக வீட்டிலே சொன்ன அன்று அம்மா சிரித்துவிட்டார். “புள்ள பாக்குறதுக்கு என்னாத்துக்கும்மா பட்டம்? நான் நாலு புள்ள வளர்த்தேனே, எந்தப் பட்டத்தை வச்சு வளர்த்தேன்?” என்றார். எமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆயினும் அம்மாவுக்குச் சீட்டு விழுந்தபொழுது, கூரைக்குத் தகரம் வாங்கவென எண்ணியிருந்த பணத்தை எடுத்து எமது கட்டணத்துக்கென மேசையிலே வைத்தவரும் அவரே. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை முழுவதும் எமது பாடநூல்கள் உரப்பையொன்றுக்குள் சுற்றப்பட்டுக் கட்டிலின் அடியிலே கிடந்தன. மழை ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.

பாடங்களிலே எம்மை முதன்முதலாக நிமிர்ந்து உட்காரச் செய்தது மரியா மொண்டிசோரி அம்மையாரின் வரலாறு. இத்தாலி தேசத்து வைத்தியரான அவர், உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே தமது முதலாவது “குழந்தைகள் இல்லத்தை” 1907 ஜனவரி 6 ஆந் திகதி திறந்தார். எமது தோட்டங்களுக்குப் பாடசாலைச் சட்டம் வந்த அதே ஆண்டு. அந்த இல்லத்தை ஏற்படுத்த விரும்பியவர்கள் கட்டடத்தின் உரிமையாளர்கள். பெற்றோர் வேலைக்குச் சென்ற பின்னர் சிறுவர்கள் சுவர்களையும் படிகளையும் பாழாக்குகிறார்கள், அவர்களை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் நல்லது என்பதே அவர்கள் நோக்கம். இதை வாசித்தபொழுது எமது பிள்ளைக் காம்பரா கண்முன் வந்து நின்றது. அங்கே சுவரைக் காக்க. இங்கே கொழுந்தைக் காக்க. பிள்ளைக்காக எவரும் திறந்த கதவன்று அது. ஆனால் அந்தக் கதவு வழியே உட்புகுந்த ஒரு பெண், குழந்தைகள் தாமாகவே கற்பதைக் கண்ணுற்று உலகுக்குச் சொன்னார். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்திய அவர், 1944 இல் எமது இலங்கைக்கும் வந்திருந்தார்.

அந்த வரலாற்றிலே இன்னொரு செய்தியும் உண்டு. முதல் இல்லத்திலே நாள்தோறும் பிள்ளைகளோடு இருந்தவர் பயிற்சி பெற்ற ஆசிரியையல்லர். அக்கட்டடத்தின் வாயிற்காவலாளியின் மகள். இதை எமது நிலையத்து ஆயம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர் இப்பணியிலே தலைநரைத்தவர். எம்மையும் தொட்டிலிட்டு ஆட்டியவர். கையெழுத்து மட்டும் போடுவார். திரிபோஷா பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு பேர் என்னாவாம்?” என்றார். எமது பாடநூலில் பெயர் இல்லை என்றோம். “போடமாட்டாங்க” என்று சொல்லி, பிசைந்து முடித்தார்.

பியாஜே என்னும் சுவிற்சர்லாந்து அறிஞரின் சோதனையையும் செய்து பார்த்தோம். ஒரே அளவு நீரைக் குட்டையான அகன்ற பாத்திரத்திலிருந்து உயர்ந்த ஒடுங்கிய பாத்திரத்துக்கு மாற்றினால், ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் உயர்ந்ததிலேதான் அதிகம் இருப்பதாகச் சொல்வார்களாம். எம்மிடம் கண்ணாடிப் பாத்திரங்கள் இல்லை. இரு பழைய போத்தல்களும் வெறுந் தேத்தண்ணீரும் இருந்தன. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து, எதில் அதிகம் என்று கேட்டோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஆறிப் போச்சு டீச்சர்” என்றாள். இவ்விடையை எந்தப் பிரிவிலே பதிவது என்று இற்றைவரை எமக்குத் தெரியாது.

மற்றொரு பயிற்சியிலே இவ்வாறு சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, சில வாரங்கள் அவதானித்து, அறிக்கை எழுதவேண்டும். மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைத் தெரிந்தோம். தாய் கொழும்பிலே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவனை வளர்ப்பவர் அம்மாயி. நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குக் கொப்பியுடன் அமர்ந்து குறிப்பெடுத்தோம். பேசுவதில்லை; கூடி விளையாடுவதில்லை; கேட்டால் விடையில்லை. “பேச்சு வளர்ச்சி வயதுக்கேற்றதாக இல்லை” என்று ஒரு வசனம் எழுதி, அதற்குக் கீழே கோடும் இட்டோம். எழுதியபொழுது, உண்மையைச் சொன்னால், ஒரு பெருமிதங்கூட இருந்தது.

ஆயம்மா அன்று பின்னேரம் எமது தோளைத் தொட்டார். “அவன் பேசுறான் புள்ள. நீ எழுதிக்கிட்டு இருந்தா எப்படிக் கேக்கும்?” மற்றப் பிள்ளைகள் உறங்கும் நேரம். அவன் மட்டும் எழுந்து சன்னலருகே நின்றான். கீழே தார்ப் பாதையிலே ஹட்டனிலிருந்து வரும் பஸ் வளைவு திரும்பியது. அவன் அந்தப் பஸ்ஸோடு பேசினான்! மெல்லிய குரலில், நிறுத்தாமல், ஒழுங்கான வசனங்களில். அம்மாயிக்குக் கால்வலி என்றான். கோழி முட்டையிட்டது என்றான். நீலச் சட்டை கிழிந்துபோயிற்று, தைக்கவேண்டும் என்றான். பஸ் மறைந்ததும் வந்து படுத்துக்கொண்டான். இது மாதக்கணக்காக நடக்கிறது என்றார் ஆயம்மா.

அறிக்கையை முழுவதும் கிழித்து மறுபடி எழுதினோம். கோடிட்ட வசனம் போயிற்று. ஒரு பிள்ளையின் மௌனத்தை அளக்குமுன், எந்த வேளையில், எவர் முன்னிலையில் என்று கேட்கவேண்டும் என எழுதினோம். புள்ளி சாதாரணமாகவே கிடைத்தது. ஆனால் இக்கண்டுபிடிப்பு எவருடையது என்பதைக் குறிப்பிட எந்த இடம் பொருத்தம் என்று தெரியாமல், ஆயம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாது விட்டுவிட்டோம். “போடமாட்டாங்க” என்று அவர் சொன்னது, அதை அனுப்பிய பின்னரே நினைவுக்கு வந்தது.

பரீட்சைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்டியிலே வினாத்தாள், முதல் நாள் எமக்குப் பதிலாள் கிடைக்கவில்லை, விடுமுறை தருவதாகச் சொன்ன ஓர் அலுவலகம் கடைசி நேரத்தில் சொல்லை மாற்றிக்கொண்டது. மாலை வரை பிள்ளைகளைப் பார்த்து, இரவிலே படித்து, விடியுமுன் பஸ் ஏறினோம். கினிகத்தேனை அருகே பாதையிலே மரம் விழுந்து கிடந்தது. நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி மண்டபத்தை அடைந்தபொழுது அரைமணி நேரம் போய்விட்டது. அந்தத் தாளிலே சித்தியடையவில்லை. மறுமுறை எழுதித்தான் கடந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கூரையை அண்ணாந்து ஒருமுறை பார்த்தார், அவ்வளவே.

இப்படிப்பு முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று எம்மைக் கேட்பவர்கள் பலர். அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் நியமனம் கிடைத்தால் போய்விடுங்கள் என்பது அவர்கள் ஆலோசனை. தவறென்று சொல்ல மாட்டோம். சம்பளமும் ஓய்வூதியமும் அங்கேதான். எம்மோடு பயின்ற இருவர் ஏற்கெனவே அவ்வாறு போயும் விட்டனர். இவ்வாண்டு இறுதியில் ஆயம்மா ஓய்வு பெறுகிறார். நாமும் போய்விட்டால், பின்னேரத்திலே சன்னலருகே நிற்பவனைக் கவனிக்க வேண்டும் என்று அடுத்து வருபவருக்கு யார் சொல்வது? ஒருநாள் போவதாகத் தீர்மானிக்கின்றோம். மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறக்கும்பொழுது அத்தீர்மானம் எங்கோ போய்விடுகிறது.

சென்ற வெள்ளிக்கிழமை, மறுநாள் கண்டி வகுப்புக்குப் போவதைப் பற்றி ஆயம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தோம். சேலைத் தலைப்பை யாரோ இழுப்பதுபோலிருந்தது. அந்தச் சிறுவன். பகல் வெளிச்சத்திலே, எல்லோரும் விழித்திருக்கையில், எம்மைப் பார்த்து அவன் பேசிய முதல் வார்த்தை அது:

“டீச்சர், பஸ்ஸுல போறீங்களா? அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க.”

கண்டி வேறு, கொழும்பு வேறு என்பதை அவனுக்கு விளக்க முயன்றோம். அவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நீலச் சட்டை இப்பொழுது தைத்தாயிற்று என்பதையும் சொல்லச் சொன்னான். அன்று மாலையே அம்மாயியின் தொலைபேசியிலிருந்து தாயை அழைத்தோம். தீபாவளிக்கு நான்கு நாள் விடுமுறை கேட்டிருப்பதாகச் சொன்னாள். சட்டையைத் தைத்தது யாரென்றும் கேட்டாள்.