இறுகிப்போன ஸ்டீயரிங்கும் ரெண்டு இரும்புத் தகடும்

எங்க கொல்லிமலையில் டிராக்டருக்குன்னு கொட்டகை போட்டவங்க கம்மிங்க. மழை, சாரல், மூடுபனி எல்லாம் வண்டி மேலயேதான் இறங்கும். ஸ்டீயரிங் நடுவுல இருக்குற பிளாஸ்டிக் மூடி உடைஞ்சா போதும், தண்ணி நேரா உள்ளே போய்த் தண்டைப் பிடிச்சுக்கும். தண்டு முனையில் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்தப் பல் இடுக்கெல்லாம் துரு ஏறினா, பற்றவைத்த மாதிரி இறுகிவிடும்.

அதை எதுக்குக் கழற்றணும்னு கேக்கலாம். ஸ்டீயரிங் தண்டோட பேரிங், ஆயில் சீல் தேஞ்சு ஆட்டம் கொடுத்தா, முதல்ல சக்கரம் வெளியே வரணும். காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் நடுவுல 70 கொண்டை ஊசி வளைவு. ஆட்டம் இருக்குற வண்டியில கிழங்கு லோடு ஏத்தி அதுல இறங்குறது உயிரோட விளையாட்டு.

போன வருஷம் பக்கத்துக் காட்டு அண்ணன் வண்டிக்கு இதே கதி. நல்ல மழை பெய்து உழவுக்குப் பதம் வந்த நேரம். ரெண்டு பேர் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு மேல இழுக்க, ஒருத்தர் சுத்தியலோட நின்னார். "அண்ணே, தண்டு மேல அடிக்காதீங்க"ன்னு நிறுத்தினேன். அடிச்சா தண்டு முனை விரிஞ்சு மரை போயிடும், அப்புறம் நட் ஏறாது. அடி கீழே பேரிங்கையும் பதம் பார்க்கும். வளையத்தைப் பிடிச்சு இழுத்தா கம்பிதான் வளையும். இழுக்க வேண்டியது நடுக் குண்டை மட்டும்.

கடையில் கிடைக்கிற ரெண்டு கால், மூணு கால் புல்லர் பெரும்பாலும் பேரிங், பல்சக்கரம் கழற்றத்தான். இந்த வண்டியில குண்டுக்குக் கீழே விரல் நுழையுற இடம்தான். அதோட தடிச்ச கால் நுழையலை. அதனால செம்மேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் அரை அங்குல இரும்புத் தகடு ரெண்டு வெட்டினோம். கீழ்த்தகட்டில் பக்கவாட்டிலிருந்து சொருக ஒரு பிளவு. அது தண்டுக்கூட்டைவிட அகலம், குண்டைவிடக் குறுகல். மேல்தகட்டின் நடுவில் நட் வெச்சு வெல்டிங். ரெண்டையும் இணைக்க நீள போல்ட் ரெண்டு. நடு போல்ட் மட்டும் தலையில் 8.8னு பொறிச்சதா பாத்து வாங்கினோம். சாதா போல்ட்னா மரை உரிஞ்சிடும்.

ராத்திரியே துரு இளக்குற எண்ணெய் ஊத்தி வெச்சோம். காலையில் டயரை நேரா நிறுத்தி, சக்கரத்துக்கும் தண்டுக்கும் அடையாளக் கோடு போட்டோம். நட்டைத் தளர்த்தி மூணு மரை பிடிக்க விட்டோம். திடீர்னு விடுபட்டா சக்கரம் மூஞ்சியில அடிக்கக் கூடாதில்ல? நடு போல்ட்டுக்கு கிரீஸ் தடவி முறுக்கி, குண்டின் பக்கவாட்டில் லேசா ரெண்டு தட்டு. அசையலை. நெருப்பு காட்டினா பிளாஸ்டிக் உருகும். துணி சுத்திக் கொதிக்கிற தண்ணி ஊத்தி, முறுக்கின முறுக்கோடயே விட்டுட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து கால் சுத்து முறுக்கினதும் 'டொப்'புனு வந்துச்சு.

ஈரம் காயுறதுக்குள்ள அண்ணன் உழுது முடிச்சார். அந்தத் தகடு ரெண்டும் இப்ப ஊருக்கே பொது. யார் எடுத்தாலும் போல்ட்டுக்கு எண்ணெய் போட்டுத்தான் திருப்பிக் கொடுக்கணும்.

இந்தப் பக்கம் வந்தா, ஸ்டீயரிங் நடுவுல பால் கவரை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின டிராக்டரைப் பாப்பீங்க. சிரிக்காதீங்க, மூடி உடைஞ்ச வண்டிக்கு அதுதாங்க குடை.