மூலையில் ஒரு புள்ளி

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். பள்ளி விடுமுறையில் இரண்டாம் ஆட்டத்துக்கு அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். ஆபரேட்டர் ரூமில் இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கார்பன் குச்சி எரிகிற சூட்டில் அறை சித்திரை மாதத்து மொட்டைமாடி மாதிரி கொதிக்கும். ஒரு ரீல் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். அது முடிகிற நொடியில் அடுத்த மெஷினில் அடுத்த ரீல் தொடங்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியவே கூடாது.

"எப்படிப்பா சரியா மாத்தறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

சுவரிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாகத் திரையைக் காட்டினார். "வலது பக்கம், மேல் மூலையைப் பாரு. கண்ணைக் கொட்டிடாதே." ஒரு சிறு வட்டம் மின்னி மறைந்தது. நான்கே ஃபிரேம், ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு. உடனே இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓடவிட்டார். ஏழு வினாடி போயிருக்கும், இன்னொரு வட்டம் வந்தது. அப்பாவின் கை அசைந்தது; ரீல் மாறிவிட்டது. திரையில் சாவித்திரி பாதியில் விட்ட வாக்கியத்தைத் தடங்கலில்லாமல் பேசி முடித்தார்.

"அந்தப் புள்ளி யாருக்குப்பா?"

"நமக்குத்தான்டா. சனங்களுக்கு அது எதுக்கு?"

1998இல் சென்னையில் கணினி வேலையில் இருந்தேன். வயது 32. உலகமே 2000ஆம் ஆண்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்த நேரம். கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய பழைய புரோகிராம்கள் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களாக மட்டும் வைத்திருந்தன. 99க்குப் பிறகு 00 வந்தால், அது 1900 என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஒரு வெளிநாட்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புரோகிராம்களைத் திருத்தும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. சில, நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது எழுதப்பட்டவை.

"இதை எழுதினவருக்கு நூற்றாண்டு மாறும்னுகூடத் தெரியாதா?" என்று தினமும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் டீம் லீடர் மேடம் நாலைந்து நாள் பொறுத்தார். பிறகு, அந்தக் காலத்தில் கணினிக்குத் தகவல் ஏற்றப் பயன்பட்ட ஒரு பழைய பஞ்ச் கார்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஓர் அட்டையில் 80 கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து.

"இதுல ஒருத்தரோட பேர், பாலிசி நம்பர், பிறந்த தேதி, பணம் கட்டின தேதி, முதிர்வுத் தேதி எல்லாத்தையும் எழுதுங்க பார்ப்போம்."

எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் 19 என்று முன்னால் போட்டால் அது மட்டுமே ஆறு கட்டம். என் அட்டையில் இடம் போதவில்லை.

"அவர் தப்பு பண்ணலை. அவர்கிட்ட இடம் இல்லை," என்றார் மேடம். அதற்குப் பிறகு அந்த முகம் தெரியாத மனிதரை நான் ஒரு சொல் சொன்னதில்லை.

சொல்ல எனக்கு வாயும் இல்லாமல் போயிற்று. எல்லாப் பதிவுகளையும் நான்கு இலக்கமாக மாற்ற நேரம் போதாது. அதனால் 00 முதல் 29 வரை வந்தால் 2000களில், 30 முதல் 99 வரை என்றால் 1900களில் என்று கணினிக்கு ஒரு விதி எழுதினோம். பல இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். முதிர்வுத் தேதிக்கு அது சரியாக வேலை செய்தது. நான் அதையே பிறந்த தேதிக்கும் போட்டுவிட்டேன். 1926இல் பிறந்தவர் 2026இல் பிறந்தவராகிவிட்டார். 1998இலிருந்து 2026ஐக் கழித்தால் மைனஸ் 28. வயதுக்கு ஒதுக்கிய இடத்தில் குறி போட வசதி இல்லை; மைனஸ் உதிர்ந்து 28 மட்டும் நின்றது. 72 வயதுப் பெரியவர் 28 வயது இளைஞராகத் தாளில் அச்சாகியிருந்தார். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத எண் என்பதால் நானும் சரி என்று கையெழுத்திட்டுவிட்டேன்.

கண்டுபிடித்தது மேடம்தான். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு என் மேசைக்கு வந்து, அந்தத் தாளை வைத்துவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் காபி ஊற்றினார். திருத்தி முடிக்க இரவு பதினொன்றரை ஆயிற்று. கிளம்பப் போனவனை நிறுத்தினார். "சரி பண்ணிட்டீங்க. ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு எழுதினீங்களா? நாளைக்கு வர்றவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?"

கோபாலில் ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அந்த வரியைக் கணினி சட்டை செய்யாது. அது அடுத்து வந்து படிக்கிற ஆளுக்கு மட்டும். நட்சத்திரத்தைத் தட்டும்போது எனக்குத் தியேட்டரின் வலது மூலை ஞாபகம் வந்தது. ஆறு வரி எழுதினேன். எந்தத் தேதிக்கு எந்த விதி, ஏன், எந்த ஆண்டுக்கு மேல் செல்லாது என்று.

1999 டிசம்பர் 31 இரவு ஆபீசிலேயே விழித்திருந்தோம். பன்னிரண்டு அடித்தது. கணினி அதை 1900 ஜனவரி 1 என்று எடுத்திருந்தால், திங்கட்கிழமை என்று காட்டியிருக்கும். திரையில் சனிக்கிழமை என்று சரியாக வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமே, "எல்லாம் வெறும் பீதி, இதற்கா இவ்வளவு செலவு?" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு மனசு கனத்துப் போயிற்று. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன்.

"ரீல் மாறினது யாருக்கும் தெரியலைன்னு சொல்றே. அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு, அப்பா என் தட்டில் இன்னொரு தோசை போட்டார்.

ரீல் போய் டிஜிட்டல் வந்த பிறகு, அவரை ஒருமுறை சென்னையில் மல்டிபிளெக்ஸுக்குக் கூட்டிப் போனேன். படம் தொடங்கி 20 நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா வலது பக்கத்து மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.