தூசியும் துளியும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை என்பதைப் பலர் அறியார். உருளைக்குள் நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற, அதனுள் புகைபோல் பாயும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எண்ணெயை உட்செலுத்த அழுத்தக் காற்று தேவைப்பட்டது. ஜெர்மானிய பாஷ் நிறுவனம் 1927இல் எண்ணெய்ப் பம்புகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னரே லோரிகளில் டீசல் பரவலாயிற்று.

அத்தகைய பம்பு ஒன்றைத் தம் வீட்டு முற்றத்திலேயே மாற்ற முனைந்தார் கிள்ளானில் வாழும் பெரியவர் ஒருவர். தோட்டத்து ஆலையில் இளமையைக் கழித்தவர். காய்கறி ஏற்றும் பழைய லோரியே குடும்பத்துக்குச் சோறு. அது கரும்புகை கக்கி, மேடேற மறுத்தது. பரிசோதித்துச் செப்பனிட்ட பம்பையும் நான்கு இஞ்செக்டர்களையும் விலைக்கு வாங்கினார். பம்பை வீட்டில் கழற்றலாம், பிரிக்கலாகாது என்பது அவர் கொள்கை. சரியான கொள்கைதான்.

ஸ்பேனரைத் தொடுமுன் ஒரு மணி நேரம் கழுவிக்கொண்டேயிருந்தார்.

“கழற்றப் போவதைக் கழுவுவானேன், அப்பா?” என்றான் மகன்.

“மயிரிழை நுழைய இடமில்லாத பம்படா இது. மணல் நுழைந்தால் என்னாகும்?”

மிகையன்று. பம்பினுள் ஏறியிறங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 1000 கூறாக்கினால் இரண்டு மூன்று கூறே.

முதல் உருளையின் பிஸ்டன் அழுத்த வீச்சில் மேலெழ, ஃபிளைவீலின் குறி நேர்ப்படும்வரை எஞ்சினைக் கையால் சுழற்றி நிறுத்தினார். புதுப் பம்பின் குறியையும் நேர்ப்படுத்திப் பொருத்தினார். இஞ்செக்டர்களின் அடியில் புதிய செம்பு வாஷர்களை இட்டார். காசு மிச்சம் பிடிக்கப் பழையதையே இடுவாரும் உளர், வீண் சிக்கனம்! பின்னர்க் கைப்பம்பை அழுத்தி, நுரை அடங்கும்வரை காற்றை வெளியேற்றினார்.

எஞ்சின் இருமிற்று, வெண்புகை விட்டது, ஓடிற்று. மூன்றாம் குழாயின் நட்டருகே மெல்லிய ஆவி தெரிந்தது. தடவிப் பார்க்க மகன் விரலை நீட்டினான். பெரியவர் அவன் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

100 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே தெரிவது ஊசி குத்திய புள்ளியே; உள்ளே தசை அழுகும். வலியில்லையென்று காத்திராது உடனே அறுவை மருத்துவரிடம் செல்லவேண்டிய காயம் அது. ஆலையில் உடன் பணிசெய்தவர் ஆள்காட்டி விரலை இழந்ததைப் பெரியவர் கண்ணாற் கண்டவர்.

எஞ்சினை நிறுத்தி, நட்டைச் சற்றே இறுக்கினார். மறுபடி ஓட்டி, எட்ட நின்று அவ்விடத்தில் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தார். அட்டை நனையவில்லை.