அண்ணனின் தம்பி

எங்கண்ணன் சடுகுடுவில் பாடிப் போனால் எதிர்வரிசை நடுங்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊர்த்தெருக்காரர்களே சொன்னதுதான். அவர்கள் அணிக்குக் கோப்பை கோப்பையாய் வாங்கிக் கொடுத்தான். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ. அவனுக்குச் சிரட்டை.

முட்டி போனபிறகு அவன் ஆடவில்லை. அந்த வருசம் பொங்கல் ஆட்டத்துக்கு ஊர்த்தெருவிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள். எனக்குப் பதினேழு வயசு. "அவன் தம்பிதானடா, ரத்தம் எங்க போகும்?" அதே வருசம்தான் எங்க சேரிப் பையன்களும் முதல்தடவையாகத் தனி அணி கட்டினார்கள். அவர்களும் வந்தார்கள். ரெண்டு பக்கமும் கூப்பிட்டது என்னையல்ல, எங்கண்ணனை.

பல வருசம் கழித்து பல்வங்கர் விட்டலைப் பற்றிப் படித்தபோது இது வந்து உறுத்தியது. அவருடைய அண்ணன் பாலு, சாமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரக் கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தார். துரைமாருக்குப் பந்து போட்டுப் போட்டே இடதுகைச் சுழலில் தேர்ந்தார். இந்துக்கள் அணியில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் மட்டும் வெளியே, மண்குவளையில். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்படியும் தலைவர் பதவி தரவில்லை.

விட்டல் மட்டையாளர். அண்ணனைப்போல் பந்து போட வேண்டியதில்லை, அந்தமட்டில் தப்பித்தார். ஆனால் அண்ணனுக்கு மறுத்ததையும் சேர்த்தல்லவா அவர் சுமக்க வேண்டியிருந்தது! சுமாராக ஆடுகிற உரிமை மேல்சாதிப் பையனுக்கு மட்டும்தான் உண்டு.

1920-இல் பம்பாய்ப் போட்டியில் பாலுவை முதலில் அணியிலேயே சேர்க்கவில்லை. தலைவர் பதவி தம்பிகளுக்கும் இல்லை என்றானது. விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். பத்திரிகையில் அறிக்கையும் விட்டார்கள். பாலுவைத் துணைத்தலைவராக்கிய பிறகே திரும்பினார்கள். 1923-இல் விட்டல் தலைவரானார், கோப்பையும் வந்தது.

எனக்கு அறிக்கை விடத் தெரியாது. அண்ணனிடம் கேட்டேன். "எங்க வேணா ஆடு. சிரட்டையில குடிக்காத" என்றான்.

சேரி அணிக்கு ஆடினேன். மூணுதடவை பாடிப் போய் மூணுதடவையும் பிடிபட்டேன். கோட்டுக்கு வெளியே நின்ற ஊர்க்காரர் ஒருத்தர், "அண்ணன் பேரக் கெடுத்துட்டியேடா" என்றார். எங்கண்ணன் நொண்டிக்கொண்டே போய் எனக்கொரு கோலிசோடா வாங்கி வந்தான்.