மூலைக் கட்டம்

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். வாவியும் அகழியும் சூழ்ந்த அவ்வரண் பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் வசமாயிற்று. நீர் சூழ்ந்த கோட்டையும் வீழும் என்பதற்கு அது சான்று. சதுரங்கப் பலகையிலோ வீழாத மூலை ஒன்று உண்டு.

அவ்வாவிக்கரை ஊரொன்றின் பாடசாலை மண்டபத்திலே சதுரங்கப் போட்டி நடைபெறுவதாகக் கொள்வோம். எதிரெதிரே அமர்ந்திருப்போர் இருவரும் தரப்புள்ளி 1500ஐ அண்டிய கழக ஆட்டக்காரர். கடிகாரம் ஓடுகின்றது; நகர்த்தல் ஒவ்வொன்றையும் இருவரும் தாளிற் குறிக்கின்றனர். மூன்றாம் மணித்தியாலத்தில் கறுப்புக்குரியவரிடம் அரசன் மட்டுமே எஞ்சுகின்றது. வெள்ளைக்குரியவரிடம் அரசனோடு மந்திரி ஒன்றும் வலது ஓரக் காலாள் ஒன்றும் உள்ளன. காண்போர் வெள்ளைக்கே வெற்றி என்பர். கறுப்புக்குரியவர் கைகொடுத்து எழுந்துவிடலாம்.

அவர் எழவில்லை. தம் அரசனை அக்காலாளுக்கு நேரெதிர் மூலைக்கு நகர்த்தத் தொடங்குகிறார். காலாள் அரசியாக உயரவேண்டிய அம்மூலைக் கட்டம் கறுப்பு. எதிரியின் மந்திரியோ வெள்ளைக் கட்டங்களில் மட்டும் இயங்குவது. முந்திச்சென்று அங்கே அமர்ந்த அரசனை வெளியேற்ற அதனால் இயலாது. மேலும் நெருக்கினால், அரசன் தாக்கப்படாமலே நகர இடமற்றுப்போகும், ஆட்டம் சமநிலையாகும். இவ்விதி எங்கும் என்றும் ஒன்றாய் இருந்ததன்று. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எதிரியை இவ்வாறு முடக்கியவரே தோற்றவராகக் கொள்ளப்பட்டார்.

முடிவில் இருவருக்கும் அரைப் புள்ளி. அவ்வரைப் புள்ளிக்குப் பின்னே பெரியதொரு கேள்வி இருக்கின்றது: எதிரியின் படைமிகுதியைக் கண்ட அளவிலேயே பணிவதா, நிலையை ஆராய்ந்த பின்னர் முடிவு செய்வதா? களைத்த வேளையில் இக்கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வாகையர் போட்டியின் 14ஆம் ஆட்டம் சமநிலையில் முடியவேண்டியது. உலக வாகையரான டிங் லிரென் தம் 55ஆம் நகர்த்தலிற் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கோட்டைகளும் மந்திரிகளும் வெட்டுண்டன. காலாள் ஒன்று மிகுதியாக வைத்திருந்த சென்னை இளைஞர் குகேஷ் வென்றார். அவருக்கு அப்போது வயது 18.

உலக வாகையரே நழுவவிட்ட சமநிலையை, ஒரு கட்டத்தின் நிறத்தை நினைவில் வைத்திருந்த கழக ஆட்டக்காரர் காத்துக்கொள்கிறார். நூலிற் படித்தது உரிய நேரத்திற் கைகொடுத்தது. இருவரும் தாளிற் கையொப்பமிடுகின்றனர். வெள்ளைக்குரியவர் காய்களை அடுக்குமுன் அந்த மூலையை மீண்டும் ஒருமுறை பார்க்கிறார். அடுத்த ஆட்டத்தில் அவரும் அதனை மறவார்.